சோவியத் கால 1:43 உலோகக் கார்கள்: அடித்தட்டிலிருந்து அடையாளம் காணும் முறை

சோவியத் ஒன்றியத்தில் வார்க்கப்பட்ட சிறிய உலோகக் கார் ஒன்று முதன்முதலாகக் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் அதன் கதவுகளைத் திறந்து பார்ப்பார்கள். பானட்டும் டிக்கியும் திறக்கின்றனவா, சக்கரங்கள் உருள்கின்றனவா என்று சோதிப்பார்கள். அந்த ஆவல் இயல்பானதே. ஆனால் அடையாளம் காண விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது, காரைக் கவிழ்த்து அதன் அடித்தட்டைப் படிப்பதாகும். மேற்புறம் காரின் பெயரை மட்டுமே சொல்லும். அது எங்கே, எந்தக் காலத்தில், யாருக்காகச் செய்யப்பட்டது என்பதைப் பெரும்பாலும் அடித்தட்டே சொல்லும்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. மேற்கு ஐரோப்பிய நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய மாடலை நிறுத்திவிட்டுப் புதியதைக் கொண்டுவந்தன. சோவியத் தொழிற்சாலைகளிலோ, ஒருமுறை வெட்டப்பட்ட அச்சு பல ஆண்டுகள், சில வேளைகளில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, தொடர்ந்து வேலை செய்தது. 1970-களில் வார்க்கப்பட்ட வோல்கா என்ற காரும் 1990-களில் வார்க்கப்பட்ட வோல்காவும் ஓரடி தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே கார்தான். எனவே "இது எந்த ஆண்டின் கார்?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் நேரான விடை கிடைக்காது. "இது அந்த அச்சின் வாழ்நாளில் எந்தப் பருவம்?" என்று கேட்டால், கவனமாகப் பார்க்கிறவருக்கு விடை கிடைக்கும். இக்கட்டுரை முழுவதும் அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியதே.

இவை எங்கிருந்து வந்தன

1970-களின் தொடக்கத்தில் சோவியத் ஒன்றியத்தில் 1:43 அளவிலான உலோகக் கார்களைத் தொடர்ந்து தயாரிக்கும் பணி தொடங்கியது. அதன் மையம் வோல்கா நதிக்கரையிலுள்ள சராத்தவ் வட்டாரம். சராத்தவ் நகரில் இருந்த "தான்தால்" தொழிற்சாலையும், அதே வட்டாரத்தில் நதியின் இடக்கரையில் உள்ள மார்க்ஸ் என்ற சிறு நகரில் இருந்த "ரதோன்" தொழிற்சாலையும் இத்துறையில் முதன்மையான பெயர்கள். ஜெர்மானியக் குடியேறிகள் உருவாக்கிய அந்த ஊர் பின்னாளில் கார்ல் மார்க்ஸின் பெயரைப் பெற்றது. கனரக லாரிகளுக்கு வேறொரு முகவரி உண்டு. தத்தார்ஸ்தானின் தலைநகரான கசானில் உள்ள "எலெகோன்" தொழிற்சாலையே கமாஸ் லாரிகளின் சிறு வடிவங்களை வார்த்தது. உண்மையான கமாஸ் லாரிகள் 1976 முதல் அதே குடியரசின் நபெரெஷ்னியே செல்னி நகரில் உருவாகி வந்தன என்பதை நினைத்தால் இந்தப் பொருத்தம் வியப்பளிக்காது.

இவற்றில் எதுவும் பொம்மைத் தொழிற்சாலையாகப் பிறந்ததில்லை. தான்தால் மின்னணுத் துறையைச் சேர்ந்தது. எலெகோன் மின் இணைப்பிகளைச் செய்தது. பாதுகாப்புத் துறைக்கும் கனரகத் தொழிலுக்கும் உழைத்த சோவியத் ஆலைகள் மக்கள் நுகர்வுக்கான பொருள்களிலும் ஒரு பங்கைச் செய்துதர வேண்டும் என்பது திட்டமிட்ட பொருளாதாரத்தின் ஏற்பாடு. அதன்படி ஒரு ஆலை வாணலி செய்தது, மற்றொன்று வானொலிப் பெட்டி செய்தது, இவை சிறு கார்களைச் செய்தன. நுண்ணிய அச்சு வெட்டும் திறன் படைத்த ஆலைகளின் கையிலிருந்து வந்தவை என்பதனால்தான் இக்கார்களில் பலவற்றின் கதவு இடுக்குகள் அத்தனை சீராக இருக்கின்றன என்று நான் கருதுகிறேன்.

வெளிநாட்டு விற்பனையை "நோவோஎக்ஸ்போர்ட்" என்ற அரசு வணிக அமைப்பு கவனித்தது. அதனால் மேற்கு ஐரோப்பியச் சேகரிப்பாளர்களிடையே இக்கார்கள் நீண்டகாலம் அந்தப் பெயராலேயே அறியப்பட்டன. ஒரே மாடல் உள்நாட்டுப் பெட்டியிலும் ஏற்றுமதிப் பெட்டியிலும் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

அளவுகோலை எடுத்து அளந்து பாருங்கள்

1:43 என்ற விகிதம் ரயில் பொம்மைகளிலிருந்து வந்தது. பிரிட்டனில் ஓ கேஜ் எனப்படும் ரயில் மாதிரிகள் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற கணக்கில் செய்யப்பட்டன. அந்த ரயில் நிலையங்களில் நிறுத்தப் பொருத்தமான கார்கள் 43-இல் ஒரு பங்கு அளவில் அமைந்தன. பிறகு அதுவே உலகெங்கும் சேகரிப்பாளர்களின் பொது அளவாயிற்று. சோவியத் ஆலைகளும் அதையே எடுத்துக்கொண்டன.

இது உங்களுக்கு எளிய சோதனையொன்றைத் தருகிறது. உண்மையான காரின் நீளத்தை 43-ஆல் வகுத்து, கையிலுள்ள காரின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். காஸ்-24 வோல்காவின் நீளம் 4,735 மில்லிமீட்டர். ஆகவே சிறு கார் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். வாஸ்-2101 ஏறத்தாழ 9.5 சென்டிமீட்டரும், குட்டையான நிவா ஏறத்தாழ 8.7 சென்டிமீட்டரும், அரசின் உயர் பொறுப்பிலிருந்தோர் பயணித்த காஸ்-14 சாய்கா 14 சென்டிமீட்டருக்குச் சற்று மேலும் வரும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் வோல்கா என்று விற்கப்படும் ஒரு கார் 8 சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்றால், அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. விற்பவர் காரின் அருகில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்துத் தரும்படி கேட்பதில் தயக்கம் வேண்டாம். நேர்மையான விற்பனையாளர் எவரும் அதை மறுக்கமாட்டார்.

ரஷ்ய எழுத்துகளைப் பொறுமையாகப் படித்தல்

அடித்தட்டின் எழுத்துகள் பெரும்பாலும் சிரிலிக் வடிவில் இருக்கும். ரஷ்ய மொழி தெரிய வேண்டியதில்லை. சில எழுத்துகளின் உருவம் தெரிந்தால் போதும். நாட்டின் பெயர்ச் சுருக்கம் நான்கு எழுத்துகளால் ஆனது. வலப்புறம் திறந்த மூன்று அரைவட்டங்கள் வரிசையாக நிற்கும். அவற்றை அடுத்து, நிமிர்ந்த கோலின் மேற்பாதியில் வயிறு வைத்தாற்போன்ற எழுத்தொன்று வரும். அரைவட்டத்தை "ஸ" என்றும் கடைசி எழுத்தை "ர" என்றும் ஒலிக்க வேண்டும். இந்த நான்குக்கும் முன்னால் "செய்யப்பட்டது" என்ற பொருளில் "ஸ்தேலன" என்ற சொல் இருக்கும். ஏற்றுமதிக்குச் சென்ற கார்களிலும் பிற்காலத்து அச்சுகளிலும் இதே வாசகம் ஆங்கிலத்திலும் பொறிக்கப்பட்டிருக்கலாம்.

அடுத்து காரின் பெயர். நம் "ட" எழுத்தின் கிடைக்கோட்டை அடியிலிருந்து உச்சிக்கு ஏற்றினால் ரஷ்ய மொழியின் "க" கிடைக்கும். எண் 3-ஐப் போன்றிருப்பது "ஸ" ஒலியின் அதிர்ந்த வடிவம். இடையில் ஆங்கிலத்தின் முதல் எழுத்தை ஒத்த கூம்பு வந்தால் மூன்றும் சேர்ந்து "காஸ்", அதாவது கோர்க்கி வாகனத் தொழிற்சாலை. முதல் எழுத்து ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தைப் போலிருந்தால் "வாஸ்", அதாவது தொல்யாத்தியிலுள்ள வோல்கா வாகனத் தொழிற்சாலை. அந்த எழுத்து ரஷ்ய மொழியில் "வ" என்றே ஒலிக்கும். "ப" என்று படித்துவிடக் கூடாது. முதல் எழுத்து ஆங்கில ஒய் போலிருந்தால் "உவாஸ்", உல்யானவ்ஸ்க் நகரத்து ஜீப். இந்த மூன்றையும் பிரித்தறியத் தெரிந்தவருக்கு அடித்தட்டுகளில் பாதி புரிந்துவிடும்.

பெயரையடுத்து 1:43 என்ற விகிதம் இருக்கும். சராத்தவ் வட்டாரத்து கார்களில் கூம்பு வடிவ எழுத்தோடு ஓர் எண் சேர்ந்து வருவதும் உண்டு. அது தொழிற்சாலையின் மாடல் வரிசை எண்ணே தவிர ஆண்டைக் குறிப்பதன்று. புதியவர்கள் அதை ஆண்டாகவோ வார்ப்பு எண்ணாகவோ எடுத்துக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பருவத்தைக் கண்டறிதல்

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். ஓர் அச்சு முதுமையடையும்போது கார் எவ்வாறு மாறுகிறது என்பதைப் படிக்கப் பழகுவதே இத்துறையின் கல்வி. இதை நூல் அறிவால் மட்டும் அடைய முடியாது. ஒரே மாடலின் இரண்டு, மூன்று கார்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும்போதுதான் கண் பழகும்.

அடித்தட்டு எந்தப் பொருளால் ஆனது என்பதே முதல் அடையாளம். தொடக்ககாலத்துக் கார்களின் அடித்தட்டு உலோகத்தால் வார்க்கப்பட்டது. பின்னாளில் செலவு குறைந்த பிளாஸ்டிக் அதன் இடத்தைப் பிடித்தது. காந்தம் இதற்கு உதவாது, ஏனெனில் துத்தநாகக் கலவை காந்தத்தில் ஒட்டாது. நகத்தால் தட்டிப் பார்த்து ஒலியைக் கேளுங்கள். விரல் நுனியை ஒரு கணம் வைத்து உலோகத்தின் குளிர்ச்சியை உணருங்கள். ஒரே மாடலில் உலோக அடித்தட்டு கொண்டதே பொதுவாக மூத்தது, சேகரிப்பாளர்கள் கூடுதலாக விரும்புவதும் அதையே.

இரண்டாவது அடையாளம் வார்ப்பின் கூர்மை. புதிய அச்சிலிருந்து வந்த காரில் கதவுக் கைப்பிடி, முன்கிரில்லின் கம்பிகள், டிக்கியின் மேலுள்ள பெயர் எழுத்து ஆகியவை கத்தியால் செதுக்கியது போலிருக்கும். பல்லாயிரம் முறை உருகிய உலோகத்தைத் தாங்கிய அச்சில் அவை மழுங்கும். அச்சின் இரு பாதிகளும் சேரும் கோட்டில் மெல்லிய உலோகப் பிசிறு தோன்றும். கதவு இடுக்கு அகலமாகும். தரத்தில் ஏற்பட்ட இந்தச் சரிவையே காலத்தின் அளவுகோலாக நாம் பயன்படுத்திக்கொள்கிறோம்.

மூன்றாவதாகச் சிறு உறுப்புகளைப் பாருங்கள். பல மாடல்களின் முன்னோடிப் பதிப்புகளில் முன்விளக்குகளுக்கு ஒளி ஊடுருவும் தனித் துண்டுகள் பதிக்கப்பட்டிருக்கும். பின்னர் அந்த இடத்தில் வெள்ளி நிறப் பெயின்ட் மட்டுமே மிஞ்சியது. பம்பரின் பளபளப்பும், இருக்கைகளின் பிளாஸ்டிக் நிறமும், சக்கரத்தின் நடுத்தட்டு அமைப்பும் பதிப்புக்குப் பதிப்பு மாறின. ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. சோவியத் ஆலைகளில் கையிருப்பு தீரும்வரை பழைய உறுப்புகளைப் புதிய உடலோடு சேர்ப்பது வழக்கமாக இருந்தது. எனவே ஒரு சக்கரத்தை மட்டும் வைத்துக்கொண்டு காலத்தை முடிவு செய்யக் கூடாது. குறைந்தது மூன்று அடையாளங்களாவது ஒரே திசையைக் காட்டினால்தான் நான் என் குறிப்பேட்டில் ஒரு காலத்தை எழுதுவேன்.

பெட்டியும் பேசும். சோவியத் உள்நாட்டுப் பொருளின் பெட்டியில் விலை அச்சிடப்பட்டிருப்பது இயல்பு, ஏனெனில் விலை கடைக்குக் கடை மாறவில்லை. அரசே அதை நிர்ணயித்தது. ரூபிளுக்கும் கோபெக்கிற்குமான எழுத்துகளோடு எண்கள் இருந்தால் அது உள்நாட்டுக் கடைக்குச் சென்ற பெட்டி, மாஸ்கோவில் 1957-இல் திறக்கப்பட்ட "தேத்ஸ்கி மிர்" போன்ற குழந்தைகள் அங்காடிகளில் விற்றிருக்கக்கூடியது. விலை இல்லாமல் அயல்மொழி வாசகம் மட்டும் இருந்தால் ஏற்றுமதிக்கானது என்று எண்ண இடமுண்டு. ஐந்து மூலைகளுடைய கேடயத்தின் நடுவில் பக்கவாட்டில் திரும்பிய ஓர் எழுத்தைக் கொண்ட முத்திரை சில பெட்டிகளில் காணப்படும். அது 1967-இல் நடைமுறைக்கு வந்த அரசுத் தரமுத்திரை. ஆகவே அந்த முத்திரை அந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது. பெட்டியின் உள்மடிப்பிலோ துண்டுத் தாளிலோ தரச் சோதனைப் பிரிவின் ரப்பர் முத்திரையும், சில வேளைகளில் தேதியும் கிடைக்கும். அப்படித் தேதி கிடைத்தால் அது பெரும் பேறு. ஆனாலும் அந்தப் பெட்டி அந்தக் காருக்கு உரியதுதானா என்பதைத் தனியே சோதிக்க வேண்டும்.

எந்தக் கார்களைத் தேடுவது

தொடங்குகிறவருக்கு மாஸ்க்விச் குடும்பத்தையே பரிந்துரைப்பேன். ஒரே அச்சு எப்படிக் கிளைவிடுகிறது என்பதை இதைப்போல் கற்பிக்கும் குடும்பம் வேறில்லை. மாஸ்க்விச்-408, 412 என்ற இரண்டு சலூன்களோடு (தனி டிக்கி கொண்ட சாதாரணக் கார்கள்) அவற்றின் நீண்ட பின்பகுதி கொண்ட எஸ்டேட் வடிவங்களும், சரக்கு வேன் வடிவங்களும் உண்டு. உண்மையான கார்களில் 426 என்பது 408-இன் எஸ்டேட், 427 என்பது 412-இன் எஸ்டேட். வேன்களுக்கு முறையே 433, 434 என்ற எண்கள். சிறு கார்களிலும் இதே எண்முறை பின்பற்றப்பட்டது. எஸ்டேட்டின் பின்பகுதியில் பக்கவாட்டுக் கண்ணாடி இருக்கும் இடத்தில் வேனில் உலோகப் பலகை இருக்கும். உடல் ஒன்றாகவும் அடித்தட்டின் எண் வேறாகவும் இருக்கும் கார்களைக் கண்டால் அவசரப்பட்டுப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதே சமயம், அடித்தட்டு மாற்றப்பட்டதா என்பதையும் சோதியுங்கள்.

வோல்கா காஸ்-24 அடுத்தது. இதன் சலூனும் எஸ்டேட்டும் வாடகைக் கார், ஆம்புலன்ஸ், போக்குவரத்துக் காவல் என்று பல வேடங்களில் வந்தன. நிஜ வாகனங்களின் எண்களைத் தெரிந்துகொண்டால் வேடம் பொருந்துகிறதா என்று சொல்லிவிடலாம்: 24-01 வாடகைக் கார், 24-02 எஸ்டேட், 24-03 ஆம்புலன்ஸ். கதவில் சதுரங்கக் கட்ட வரிசை இருந்தால் வாடகைக் கார். மஞ்சள் உடலில் நீலப் பட்டை இருந்தால் 1970-களிலும் 80-களிலும் ஓடிய காவல் வாகனம்.

இவற்றுக்கு அப்பால் சாய்கா, நிவா, உவாஸ்-469, வாஸ் வரிசைக் கார்கள், ரீகாவின் ராஃப் சிற்றுந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து ருஸ்ஸோ-பால்ட் கார்கள் என்று பட்டியல் நீளும். ருஸ்ஸோ-பால்ட் கார்களில் மெல்லிய கம்பி உறுப்புகள் மிகுதி, முழுமையாகக் கிடைப்பது அரிது. 1980-இல் மாஸ்கோவில் நடந்த ஒலிம்பிக் போட்டியையொட்டி வளையச் சின்னங்களோடு வந்த கார்களுக்குத் தனி ஈர்ப்பு உண்டு. ஆனால் அந்தச் சின்னங்கள் ஒட்டுப் படங்கள் என்பதால் ஏமாற்றுக்கும் அவையே எளிய இலக்கு.

கமாஸ் லாரிகளைச் சேர்க்க விரும்புவோர் இடத்தை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். பக்கப் பலகைகள் கொண்ட 5320 மட்டுமே 17 சென்டிமீட்டரைத் தாண்டும். இழுவை வண்டியான 5410-ஐயும் மண் கொட்டும் 5511-ஐயும் சேர்த்தால் ஒரு தட்டு நிறைந்துவிடும்.

குழப்பும் உறவினர்கள்

மூன்று வகைக் கார்கள் சோவியத் கார்களோடு கலந்து விற்கப்படுகின்றன. முதல் வகை, 2009 முதல் ரஷ்யாவில் இதழோடு இணைத்து விற்கப்பட்ட தெ அகஸ்தினி நிறுவனத்தின் சோவியத் கார் வரிசையும் அதைப் பின்பற்றி வந்தவையும் ஆகும். இவை பெரும்பாலும் சீனத்தில் செய்யப்பட்டவை. நுணுக்கமும் பெயின்ட்டும் பழையவற்றைவிடச் சிறந்தவை. கதவுகள் பெரும்பாலும் திறக்காது. அவற்றைச் சேகரிப்பதில் தவறில்லை, ஆனால் அவை சோவியத் காலத்துப் பொருள்கள் அல்ல. "மிகவும் நல்ல நிலை" என்று விற்கப்படும் மாஸ்க்விச்சின் கதவு திறக்கவில்லையென்றால் முதலில் இந்த ஐயமே எழ வேண்டும்.

இரண்டாம் வகை, 1991-க்குப் பிறகு பழைய அச்சுகளிலேயே வார்க்கப்பட்டவை. தான்தால், அகாத் போன்ற பெயர்களோடு இந்தக் கார்கள் தொடர்ந்து வெளிவந்தன. நாடு மறைந்த பிறகும் அடித்தட்டின் வாசகம் எல்லா அச்சுகளிலும் உடனே மாறிவிடவில்லை. எனவே நாட்டின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பது மட்டும் சோவியத் காலச் சான்றாகாது. பெட்டி, உறுப்புகள், வார்ப்பின் கூர்மை ஆகியவற்றோடு சேர்த்தே அதை எடைபோட வேண்டும்.

மூன்றாம் வகை உலோகமே அல்ல. இத்தாலியின் பொலிடாய்ஸ் போன்ற நிறுவனங்களின் பழைய மாடல்கள் சோவியத் ஒன்றியத்தில் பிளாஸ்டிக்கில் மீண்டும் வார்க்கப்பட்டன. ரஷ்யச் சேகரிப்பாளர்கள் இவற்றை "ரிமேக்" என்றே அழைக்கிறார்கள். ஃபியட், ஆல்ஃபா ரோமியோ, லம்போர்கினி வடிவில் எடையற்ற கார் ஒன்று சிரிலிக் எழுத்துகளோடு கிடைத்தால் குழம்ப வேண்டாம். அது தனித்த, சுவையான ஒரு கிளை.

மறுபெயின்ட்டும் மாற்று உறுப்பும்

போலிக் கார் என்று முழுமையாக வார்த்தெடுப்பவர்கள் குறைவு. உண்மையான எளிய காரை அரிய காராக மாற்றுகிறவர்களே மிகுதி. 1988-இல் தனியார் சிறு தொழிலுக்கு வழிவிட்ட சோவியத் கூட்டுறவுச் சட்டம் வந்தபின் சிறு பட்டறைகளும் தனிக் கைவினைஞர்களும் ஆலைக் கார்களை வாங்கி வேடம் மாற்றி விற்றார்கள். அவற்றைக் கைவினைப் பொருளாக மதிக்கலாம், ஆனால் ஆலைப் பதிப்பின் விலையைக் கொடுக்கக் கூடாது.

பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்று இதற்குப் போதும். கதவைத் திறந்து அதன் விளிம்பைப் பாருங்கள். ஆலையில் உறுப்புகளைத் தனித்தனியே பெயின்ட் அடித்த பின்பே பொருத்தினார்கள், ஆகவே விளிம்பிலும் உட்புறத்திலும் அதே நிறம் சீராக இருக்க வேண்டும். கீல் அருகே பெயின்ட் திரண்டிருந்தாலோ, கண்ணாடியின் ஓரத்தில் நிறத்துளி ஒட்டியிருந்தாலோ, கார் கூட்டப்பட்ட பின் பெயின்ட் அடிக்கப்பட்டது என்று பொருள். அடித்தட்டைப் பிணைக்கும் ரிவெட் அல்லது திருகின் தலையைப் பாருங்கள். துளைப்பொறி பட்ட வட்டக் கீறலோ, பளபளக்கும் புதிய திருகோ இருந்தால் கார் ஒருமுறையாவது பிரிக்கப்பட்டிருக்கிறது. நான் சேகரிக்கத் தொடங்கிய காலத்தில் அரிய நிறம் என்று நம்பி அடர்பச்சை வோல்கா ஒன்றை வாங்கினேன். வீட்டிற்கு வந்து டிக்கியின் உள்முனையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது பச்சைக்கு அடியில் இளநீலம் தெரிந்தது. அன்றிலிருந்து டிக்கி திறந்த படம் இல்லாமல் எதையும் வாங்குவதில்லை.

பெட்டிகளும் இப்போது நகலெடுக்கப்படுகின்றன. பூதக்கண்ணாடியில் பழைய ஆப்செட் அச்சு ஒழுங்கான புள்ளி வரிசையாகத் தெரியும். வீட்டு அச்சுப்பொறியின் மை ஒழுங்கற்றுச் சிதறிய துளிகளாகத் தெரியும். மடிப்புகளில் அட்டை எவ்வாறு தேய்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். நாற்பது ஆண்டுப் பெட்டியின் மூலைகள் மட்டும் புதிதாக இருக்க முடியாது.

துத்தநாக நோய்

இந்தக் கார்களின் உலோகம் துத்தநாகத்தோடு அலுமினியம், செம்பு, மக்னீசியம் சேர்ந்த கலவை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி துத்தநாக நிறுவனம் 1929-இல் உருவாக்கிய சமாக் குடும்பத்தைச் சேர்ந்த கலவைகள் இவை. துத்தநாகம் மிகத் தூய்மையாக இருந்தால் இக்கலவை நூற்றாண்டும் நிற்கும். ஈயமோ வெள்ளீயமோ சிறிதளவு கலந்துவிட்டால், உலோகத்தின் படிகத் துகள்களுக்கு இடையே அரிப்பு தொடங்கும். ஈரமும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும். உலோகம் உள்ளிருந்து வீங்குவதால் பெயின்ட்டுக்குக் கீழே சிறு கொப்புளம் எழும். பிறகு தலைமயிர் போன்ற வெடிப்புகள் ஓடும். முன்பு எளிதாகத் திறந்த கதவு இறுகும். முடிவில் உடல் வளைந்து நொறுங்கும்.

இந்நோய்க்கு மருந்தில்லை. பசை தடவுவதும் பெயின்ட் பூசுவதும் அதை மறைக்குமே தவிர நிறுத்தாது. வாங்கும்போது கூரையின் தூண்களையும், கதவுக்கு அடியிலுள்ள மெல்லிய பட்டையையும், அடித்தட்டின் ஓரங்களையும் சாய்ந்த ஒளியில் பாருங்கள். வெடிப்பு முதலில் தெரிவது மெலிந்த இடங்களில்தான். இது ஒரு காரிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும் என்ற அச்சம் சேகரிப்பாளர்களிடையே உண்டு. அது உண்மையன்று, கேடு அந்தந்த வார்ப்பின் கலவையிலேயே இருக்கிறது. ஒரே அலமாரியில் பல கார்கள் ஒருங்கே பாதிக்கப்பட்டால் ஈரப்பதம்தான் பொதுக் காரணம்.

ஆகவே சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இவற்றை வைத்திருப்பவர்கள் ஈரத்தையே முதல் எதிரியாகக் கருத வேண்டும். மூடிய கண்ணாடிப் பேழையில் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, அவற்றை மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுங்கள் அல்லது சூடாக்கி உலர்த்துங்கள். சிறிய ஈரப்பதமானி ஒன்றை உள்ளே வைத்து, அளவு 50 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய ஓக் மரப்பலகையால் செய்த மூடிய அலமாரிகளைத் தவிர்ப்பது நல்லது. அந்த மரத்திலிருந்து வெளிவரும் அசிட்டிக் அமில ஆவி துத்தநாகத்தை அரிக்கும் என்பதால் அருங்காட்சியகங்களே அதை ஒதுக்குகின்றன. உணவுப் பொருள் வைக்கும் நெகிழிப் பெட்டிகளில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது அழகாக இராது, ஆனால் பாதுகாப்பானது.

டயர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. மென்மையான பிவிசி டயரிலுள்ள நெகிழ்விப்பான் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் பொருள்) காலப்போக்கில் கசிந்து, அது தொடும் பிளாஸ்டிக்கை உருக்கும். சக்கரத்தின் நடுத்தட்டோ, கார் நிற்கும் பிளாஸ்டிக் மேடையோ குழைந்துபோயிருந்தால் காரணம் அதுவே. அடித்தட்டின் நடுவில் சிறு அட்டைத் துண்டைக் கொடுத்துக் காரைத் தூக்கி நிறுத்தினால் டயர் எதையும் தொடாது. எடையும் அச்சாணியின் மேல் இராது.

சுத்தம் செய்ய மென்மையான ஓவியத் தூரிகை போதும். பிடிவாதமான அழுக்கிற்கு ஒரு துளி மிதமான சோப்பு கலந்த நீரைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து, உடனே நன்றாக உலர்த்த வேண்டும். ஒட்டுப் படங்களின் மேல் நீர் படக்கூடாது. ஆல்கஹால், அசிட்டோன், பளபளப்பூட்டும் மெழுகு எதுவும் வேண்டாம். கீறல் விழுந்த பெயின்ட்டைத் தொட்டுச் சரிசெய்யும் ஆசை எழும். அதை அடக்கிக்கொள்ளும்படி வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஆலையின் பெயின்ட் அந்தக் கார் எந்தப் பருவத்தைச் சேர்ந்தது என்பதற்கான சான்று. அதன்மேல் நாம் பூசும் ஒவ்வொரு துளியும் அடுத்துப் படிக்கப்போகிறவரிடமிருந்து அந்தச் சான்றைப் பறிக்கிறது.

வாங்குவதும் பதிவு செய்வதும்

இணைய ஏலங்களில் தேடும்போது ரஷ்யச் சொற்களில் தேடுவது பயன் தரும். "மஷ்டாப்னயா மதேல்" என்றால் அளவு மாதிரி. "கரோப்கா" என்றால் பெட்டி. கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் இவற்றை ரஷ்ய எழுத்தில் பெற்று ஒட்டிக்கொள்ளலாம். மேற்கு, மத்திய ஐரோப்பிய விற்பனையாளர்களிடமும் பார்க்க மறக்க வேண்டாம். நோவோஎக்ஸ்போர்ட் வழியே சென்ற கார்கள் அங்கே இன்னும் பழைய வீடுகளிலிருந்து வெளிவருகின்றன. அடித்தட்டு, இரு பக்கங்கள், திறந்த கதவுகளும் டிக்கியும், பெட்டியின் எல்லா முகங்களும் தெரியும் படங்களைக் கேளுங்கள். வைப்பர், பக்கக் கண்ணாடி, வாடகைக் காரின் கூரைப் பலகை, ஆம்புலன்ஸின் விளக்கு போன்ற எளிதில் தொலைந்துபோகும் உறுப்புகள் இருக்கின்றனவா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "முழுமையானது" என்ற பொதுச் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம்.

கார் வந்து சேர்ந்த அன்றே அதை அடித்தட்டோடு படம் எடுத்து, நீளம், எடை, அடித்தட்டின் பொருள், அதிலுள்ள எழுத்துகள் அனைத்தும், விளக்கின் வகை, இருக்கையின் நிறம், சக்கரத்தின் வகை, பெட்டியின் விலைக்குறி, முத்திரை ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள். காலத்தைப் பென்சிலால் எழுதுங்கள். அதே மாடலின் இரண்டாவது கார் கைக்கு வரும்போது முதற் காரின் பக்கத்தைத் திறந்து ஒப்பிட்டு, தேவையானால் அந்தப் பென்சில் குறிப்பை அழித்துத் திருத்துங்கள்.